கடைசிப் பக்கத்து அடிவரி: சிற்றூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவரின் வாழ்க்கையைத் தேடுவது எப்படி?

"எங்க தாத்தா அந்தக் காலத்துல பத்திரிகை நடத்தினாராம்" என்று சொல்லும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. எந்த ஊரில், எந்த வருஷம், ஏன் நின்றுபோனது என்று கேட்டால் பதில் இருக்காது. வீட்டில் ஒரு பிரதிகூட மிஞ்சியிருக்காது. பழைய இதழ்கள் எடைக்குப் போயிருக்கும், அச்செழுத்துகள் ஈய விலைக்குப் போயிருக்கும்.

பத்திரிகைக்காரரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் அவர் எழுதியதைத்தான் முதலில் தேடுகிறார்கள். என் கணக்கில் அது தலைகீழான வழி. ஊரார் எல்லோரைப் பற்றியும் எழுதியவர் தன்னைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்க மாட்டார். ஆனால் மாஜிஸ்திரேட், தபால் இலாகா, போலீஸ், கடன் கொடுத்தவர் என்று மற்றவர்கள் அவரைப் பற்றி எழுதிவைத்த காகிதம் ஏராளம். அதே தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவரைத் தேடுவதைவிட இவரைத் தேடுவது சுலபம். காரணம் ஒரு சட்டம். 1867-ஆம் ஆண்டின் 25-ஆவது சட்டமான அச்சகம் மற்றும் புத்தகப் பதிவுச் சட்டம், அச்சடித்த ஒவ்வொரு தாளிலும் அச்சிட்டவர் பெயரையும் இடத்தையும் போடவேண்டும் என்றது. அந்தச் சட்டத்துக்காகக் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்ட வரிதான் நமக்கு நூல்முனை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளில் தொடங்குவார்கள். வீடுவீடாகப் பெயர் எழுதிய அந்தத் தாள்கள் நம் நாட்டில் பார்வைக்குக் கிடையாது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

படி 1: வீட்டில் இருப்பதை எடுங்கள்

பத்திரிகைப் பிரதியைத் தேடாதீர்கள், அதைச் சுற்றியிருந்த சில்லறைக் காகிதங்களைத் தேடுங்கள். சந்தா ரசீதுப் புத்தகம், லெட்டர்பேடு, பில்புக், மணியார்டர் கூப்பன், வி.பி.பி. (பணம் கட்டிப் பெறும் தபால்) துண்டு, ரப்பர் ஸ்டாம்பு, படம் அச்சிட மரக்கட்டையில் அறைந்த துத்தநாக பிளாக் இவையெல்லாம் பெட்டியடியில் கிடக்கும். பிளாக்கில் அவர் முகமே இருக்கலாம். லெட்டர்பேடு ஒன்று கிடைத்தாலே போதும், பத்திரிகையின் பெயர், அச்சகத்தின் பெயர், தெரு, தந்தி விலாசம் எல்லாம் அதில் வந்துவிடும். டிரங்குப் பெட்டிக்குள் விரித்த தாளையும், சாமி படத்துக்குப் பின்னால் ஒட்டிய தாளையும்கூடப் பாருங்கள். விற்காத பிரதிகள் போய்ச் சேரும் இடம் அதுதான்.

அடுத்தது கல்யாணப் பத்திரிகைகள். சிற்றூர் அச்சகம் பத்திரிகை விற்ற காசில் ஓடியதில்லை. முகூர்த்த மாதங்களில் அடித்த கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கடை பில்புக், தேர்தல் சமயத்து வால்போஸ்டர் என ஜாப் வேலைதான் அடுப்பை எரித்தது. உறவினர், அண்டை அயலார் வீட்டுப் பழைய அழைப்பிதழ்களின் கீழ்மூலையில் அச்சகத்தின் பெயர் இருக்கும், முகூர்த்தத் தேதி உள்ளே இருக்கும். பத்துப் பன்னிரண்டு அழைப்பிதழ் சேர்ந்தால் அச்சகம் எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை ஓடியது, எப்போது பெயர் மாறியது, எப்போது தெரு மாறியது என்று ஓரளவு சொல்லிவிடலாம். நூலகப் பட்டியல் எதிலும் இது கிடைக்காது.

கருமாதிப் பத்திரிகையைத் தவறவிடாதீர்கள். இறந்த நாள், மகன்கள், மருமகன்கள், அவர்கள் இருந்த ஊர் எல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கும். அச்சகக்காரர் வீட்டுக் கருமாதிப் பத்திரிகை சொந்த அச்சகத்திலேயே அடித்ததாக இருந்தால், அவர் சாகும்வரை தொழில் நின்றுவிடவில்லை என்றும் அறியலாம்.

அப்புறம் பேச்சு. ஆண்களைவிட அத்தை, பெரியம்மா, மூத்த மருமகள் ஆகியோரிடம் கேட்பது பலன் தரும். இதழை மடித்து, ராப்பர் சுற்றி, விலாசச் சீட்டு ஒட்டி, தபால் கட்டும் வேலை பல வீடுகளில் பெண்கள் தலையிலும் பிள்ளைகள் தலையிலும்தான் விழுந்தது. "தாத்தா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "நல்லவர்" என்ற பதில்தான் வரும். "மிஷின் எந்த ரூமில் இருந்தது? காலால் மிதிக்கிற டிரெடிலா, கையால் அடிக்கிற மிஷினா? அச்சுக் கோத்த கம்பாசிட்டர் பெயர் என்ன? சம்பளம் கொடுக்க முடியாதபோது என்ன செய்தார்கள்? போலீஸ் வந்தது உண்டா? பத்திரிகை நின்ற பிறகு என்ன வேலை பார்த்தார்?" இப்படிக் கேளுங்கள். கம்பாசிட்டரின் பெயர் கிடைத்தால் அவர் பிள்ளைகளைத் தேடிப் போங்கள். குடும்பத்தார் மறைக்க நினைத்ததை அவர்கள் சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள்.

பிறப்பு, இறப்புப் பதிவுக்கு நகராட்சியிலோ தாலுகா அலுவலகத்திலோ விண்ணப்பிக்கலாம். சென்னை மாகாணத்தில் இதற்கான சட்டம் 1899-இல் வந்தது. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் சபைப் பதிவேட்டில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் கிடைக்கும். முஸ்லிம் குடும்பமாக இருந்தால் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள்.

படி 2: அடிவரியைப் படியுங்கள்

எங்கிருந்தாவது ஒரு பிரதி, ஏன் கடைசித் தாள் மட்டும் கிடைத்தாலும், செய்திக்குப் போவதற்கு முன் அடிவரியைப் பாருங்கள். 'இன்னாரால், இன்ன பிரஸில் அச்சிட்டு, இன்ன தெருவில் பிரசுரிக்கப்பட்டது' என்ற அமைப்பில் இருக்கும். அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், உரிமையாளர் என நான்கு பொறுப்புகள் உண்டு. சின்னப் பத்திரிகையில் நான்கும் ஒருவராகவே இருக்கலாம், நால்வராகவும் இருக்கலாம். ஆசிரியர் பெயரைக் கட்டாயம் போடவேண்டும் என்ற விதி 1922-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய இதழில் உங்கள் தாத்தா பெயர் இல்லை என்பதற்காக அவர் ஆசிரியர் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

பெயர் இருப்பதாலேயே அவர்தான் எழுதினார் என்றும் முடிவுகட்டக் கூடாது. பாரதி எழுதிவந்த 'இந்தியா' பத்திரிகைக்காக 1908-இல் ராஜத்துரோக வழக்கில் சிறை சென்றவர், பதிவில் பெயர் கொடுத்திருந்த எம். சீனிவாசன். அது சென்னைக் கதை. சிற்றூருக்கு ஈரோட்டுக் 'குடி அரசு' நல்ல உதாரணம். 1925 மே 2-ஆம் தேதி வார இதழாக வந்த அதன் தொடக்க ஆசிரியர்கள் ஈ.வெ. ராமசாமியும் வ.மு. தங்கபெருமாள் பிள்ளையும். ஆனால் 1933-இல் எழுதிய ஒரு தலையங்கத்துக்காக ராஜத்துரோக வழக்கு வந்தபோது, பெரியாரோடு சேர்ந்து தண்டனை பெற்றவர் அவருடைய தங்கை எஸ்.ஆர். கண்ணம்மாள். அச்சிடுபவர், வெளியிடுபவர் என்று பதிவில் இருந்தது அவர் பெயர். சட்டத்தின் கண்ணுக்குப் பத்திரிகைக்காரர் அவர்தான்.

ஆக, அடிவரியில் தங்கை, மனைவி, மைத்துனர், நம்பிக்கையான கம்பாசிட்டர் என்று யார் பெயர் இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரில்தான் அரசு ஆவணங்கள் இருக்கும். குடும்பம் பாட்டியைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆவணத்திலோ அவர் 'அச்சிடுபவர்' ஆக நிற்பார்.

முகப்பையும் விடாதீர்கள். தபால் சலுகைக்காகப் பதிந்த பத்திரிகையில் 'எம்' என்ற எழுத்தோடு ஒரு எண் இருக்கும். எம் என்பது மெட்ராஸ் வட்டம். பத்திரிகையின் பெயர் மாறினாலும் ஊர் மாறினாலும் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் உதவும். ஏஜெண்டுகள் பட்டியல் இருந்தால் அதையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: தேதியை நேராக்குங்கள்

பழைய இதழ்கள் பலவற்றில் தமிழ் வருஷம்தான் முன்னால் நிற்கும். அறுபது வருஷச் சக்கரம் என்பதால் ஒரே பெயர் இரண்டு தலைமுறைக்கும் பொருந்தும். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்னது 1876-77. அடுத்த தாது 1936-37. இதழில் 'தாது வருஷம் மாசி மாதம்' என்று இருந்து, தாளும் எழுத்தும் இருபதாம் நூற்றாண்டுடையது என்று தெரிந்தால், அது 1937 பிப்ரவரி-மார்ச். 1936 என்று எழுதினால் ஒரு வருஷம் பிசகிவிடும். சித்திரையில் வருஷம் பிறப்பதால் தை, மாசி, பங்குனி மாதங்களில் இந்தத் தவறு சுலபமாக நேரும். நாகர்கோவில் பக்கத்துக் காகிதங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும், அதோடு 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு நெருங்கி வரும்.

'மலர் 3, இதழ் 12' என்பது இன்னொரு கடிகாரம். வார இதழ் என்றால் தொடக்கம் சுமார் இரண்டேகால் வருஷம் முன்னால். ஆனால் காகிதம் கிடைக்காத வாரம், ஆசிரியர் சிறையில் இருந்த மாதங்கள், இரட்டை இதழ் எல்லாம் கணக்கைக் குலைக்கும். இந்தத் தேதியைப் பென்சிலில் எழுதுங்கள்.

படி 4: டிக்ளரேஷன்

அச்சகம் வைத்திருந்தவர் மாஜிஸ்திரேட் முன்னால் ஒரு வாக்குமூலம் கொடுக்கவேண்டும். பத்திரிகையை அச்சிடுபவரும் வெளியிடுபவரும் தனியாக இன்னொன்று கொடுக்கவேண்டும். 'டிக்ளரேஷன் கொடுத்தார்' என்று அச்சுத் தொழிலில் இன்றும் சொல்வது இதைத்தான். பெயர், பத்திரிகையின் தலைப்பு, அச்சாகும் இடம் எல்லாம் கையெழுத்தோடு அதில் இருக்கும். உங்கள் தாத்தாவின் கையெழுத்தை முதன்முதலாக அங்கே பார்த்தாலும் பார்ப்பீர்கள். இடம் மாறினால் புது டிக்ளரேஷன், பொறுப்பிலிருந்து விலகினால் அதற்கும் ஒரு டிக்ளரேஷன். அத்தனையும் கிடைத்துவிட்டால் அவருடைய தொழில் வாழ்க்கையின் எலும்புக்கூடு கிடைத்த மாதிரி.

இரண்டு மூலப் பிரதிகளில் ஒன்று மாஜிஸ்திரேட் அலுவலகத்திலும் மற்றது உயர்நீதிமன்றத்திலோ மாவட்டத்தின் முதன்மை உரிமையியல் நீதிமன்றத்திலோ இருக்கவேண்டும் என்பது பழைய சட்டம். யார் வேண்டுமானாலும் ஒரு ரூபாய் கட்டி மூலத்தைப் பார்க்கலாம், இரண்டு ரூபாய்க்குச் சான்றிட்ட நகல் வாங்கலாம் என்றும் அதே சட்டம் சொன்னது. அந்த 1867 சட்டத்தின் இடத்தில் 2023-இல் நிறைவேறிய புதுச் சட்டம் 2024 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. எனவே இப்போது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்பதே நல்லது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள். பத்திரிகையின் பெயர், அச்சகத்தின் பெயர், தெரு, ஏறக்குறைய எந்த ஆண்டுகள் என்று நான்கையும் கொடுங்கள். 'என் தாத்தாவைப் பற்றிய ஆவணங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் 'இல்லை' என்ற ஒரு வரிக் கடிதம்தான் வரும்.

எந்த மாவட்டம் என்பதில் கவனம் வேண்டும். ஈரோடு 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. தருமபுரி 1965 வரை சேலத்தில். காரைக்குடி 1910-க்கு முன் மதுரை, அதன்பின் பல பத்தாண்டுகள் இராமநாதபுரம். அந்தக் காலத்து மாவட்டத் தலைநகரில் தேடவேண்டும். புதுக்கோட்டை சமஸ்தானமாகவும், நாகர்கோவில் திருவிதாங்கூரிலும் இருந்தவை. அங்கே இருந்த பத்திரிகைக்காரருக்குச் சென்னை மாகாணக் காகிதம் பெரிதாக இருக்காது, சமஸ்தானக் காகிதத்தைத்தான் பார்க்கவேண்டும். நாகர்கோவில்காரர்கள் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்துக்குப் போகவேண்டியிருக்கும்.

1910-இல் வந்த பத்திரிகைச் சட்டம் புதிதாக அச்சகம் திறப்பவரிடம் 500 முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கேட்கச் சொன்னது. மாஜிஸ்திரேட் விரும்பினால் விலக்கும் கொடுக்கலாம். சிற்றூர் அச்சகக்காரருக்கு 500 ரூபாய் என்பது மிஷினையே விற்றாலும் புரளாத தொகையாக இருந்திருக்கும். 1922-இல் அந்தச் சட்டம் போனது, 1930-களில் வேறு உருவில் ஜாமீன் திரும்ப வந்தது. உங்கள் தேடலில் ஒரு பத்திரிகை திடீரென நின்று, சில வாரங்களில் அதே தெருவிலிருந்து வேறு பெயரில் ஒன்று கிளம்பினால், நடுவில் ஒரு ஜாமீன் உத்தரவு இருக்கிறதா என்று பாருங்கள். 'குடி அரசு' நின்ற இடத்தில் 1933-இல் 'புரட்சி' வந்தது, 1934-இல் 'பகுத்தறிவு' வந்தது, பிறகு 'குடி அரசு' திரும்பியது. மூன்றையும் மூன்று பத்திரிகை என்று எடுத்துக்கொண்டால் கதை விளங்காது.

படி 5: அரசாங்கம் படித்த பிரதி

எல்லாப் படிகளிலும் எனக்குப் பிடித்தது இதுதான். 1870-களிலிருந்து சென்னை அரசாங்கம் சுதேசிப் பத்திரிகைகளைப் படித்து, முக்கியமான பகுதிகளை ஆங்கிலத்தில் சுருக்கி, ரகசிய அறிக்கையாக அச்சிட்டு அதிகாரிகளுக்குச் சுற்றுக்கு விட்டது. சுதேசிப் பத்திரிகை அறிக்கைகள் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். மூல இதழ் ஒன்றுகூட மிஞ்சாத பத்திரிகையின் தலையங்கம் இந்த அறிக்கையில் நாலு வரியாக உயிரோடு இருக்கும்.

அதைவிடப் பயனுள்ளது அவற்றோடு சேர்ந்த பத்திரிகைப் பட்டியல். பத்திரிகையின் பெயர், ஊர், மொழி, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை பிரதி என்பவற்றோடு ஆசிரியரின் பெயர், சாதி, வயது ஆகியவையும் பல ஆண்டுப் பட்டியல்களில் உண்டு. அந்த வயதைக் கழித்தால் பிறந்த ஆண்டு கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். அடுத்தடுத்த ஆண்டுப் பட்டியலை ஒப்பிடுங்கள், வயது ஒழுங்காகக் கூடாது. யாரோ ஒரு போலீஸ் அதிகாரி குத்துமதிப்பாக எழுதியதுதானே. பிரதி எண்ணிக்கையையும் அப்படியே நம்பவேண்டாம். ஆசிரியர் விளம்பரதாரருக்குச் சொல்லும் கணக்கும் போலீஸுக்குச் சொல்லும் கணக்கும் ஒன்றாக இருந்திருக்குமா என்ன?

இந்த அறிக்கைகள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பிரிவிலும் உள்ளன. எழும்பூருக்குப் போனால் அரசாணைகளையும் பாருங்கள். ஒவ்வொரு ஆண்டுக்கும் துறைவாரியாக அகரவரிசைக் குறிப்பேடு இருக்கும். பொதுத்துறை, நீதித்துறை, சட்டத்துறை மூன்றிலும் தேடவேண்டும். ஆசிரியரின் பெயர், பத்திரிகையின் பெயர், ஊர், 'பத்திரிகைகள்' என்ற தலைப்பு ஆகிய நான்கு இடத்திலும் பாருங்கள். அரசாணை எண்ணும் தேதியும் கிடைத்த பிறகுதான் கோப்பைக் கேட்டு எழுத முடியும். ஒரே நாளில் முடியும் வேலை இல்லை, சென்னையில் தங்க இடம் பார்த்துக்கொண்டு போங்கள். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையதளத்தில் உள்துறை அரசியல் பிரிவுக் கோப்புகளை வீட்டிலிருந்தே தேடலாம்.

இங்கே பெயரின் எழுத்துக்கூட்டல் பெரிய தொல்லை. எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். பிள்ளை, முதலியார், நாயுடு ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு எழுத்துக்கூட்டல் புழங்கின. ழகரம் ஒருவர் கையில் ஒரு மாதிரி வரும். அதற்கு மேல், ஆட்களே பெயரை மாற்றிக்கொண்டார்கள். 'குடி அரசு' இதழில் 1927 டிசம்பர் வரை ஆசிரியர் பெயரோடு இருந்த 'நாயக்கர்' அதன்பின் இல்லை. சுயமரியாதை இயக்கத்தில் இருந்த பலர் சாதிப் பட்டத்தை உதறினார்கள், சிலர் பெயரையே தமிழாக்கிக்கொண்டார்கள். ஊர்ப்பெயர் தலைப்பெழுத்து ஒரு காலத்தில் இருக்கும், இன்னொரு காலத்தில் இருக்காது. தேடப் போவதற்கு முன் அவர் பெயர் எழுதப்பட்டிருக்கக்கூடிய எல்லா வடிவத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: இதழ்களைத் தேடுதல்

இப்போது பத்திரிகையின் பெயரும் ஆண்டுகளும் கையில் இருப்பதால் நூலகத்தில் குருட்டாம்போக்கில் துழாவ வேண்டியதில்லை. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்தான் முதல் இடம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த சேகரிப்பிலிருந்து 1994-இல் உருவானது. சிற்றூர்ப் பத்திரிகையும் நோட்டீசும் அவர் தள்ளிவிடாதவை என்பதே அந்தச் சேகரிப்பின் அருமை. அப்புறம் கன்னிமாரா, மறைமலையடிகள் நூலகம், பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகம், புதுக்கோட்டை ஞானாலயா. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம்.

அவருடைய பத்திரிகை கிடைக்காவிட்டால் போட்டிப் பத்திரிகையைப் படியுங்கள். இரண்டு பத்திரிகை இருந்த ஊரில் இரண்டும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருக்கும். அந்த வசையில் கிடைக்கும் தகவல் சொந்தப் பத்திரிகையில் கிடைக்காது. சிற்றூர் ஆசிரியர்கள் பலர் சென்னைத் தினசரிகளுக்கு 'நமது நிருபர்' ஆகவும் இருந்தவர்கள் என்பதால் சுதேசமித்திரன், பிற்காலத்தில் தினமணி ஆகியவற்றின் ஊர்ச் செய்திகளையும் புரட்டலாம்.

பழைய காங்கிரஸ் மாநாட்டு அறிக்கைகளின் இணைப்பில் பிரதிநிதிகள் பட்டியல் இருக்கும். பெயர், தொழில், ஊர் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். மாவட்டத்துப் பத்திரிகை ஆசிரியர்கள் அதில் கணிசம். 1854-இல் சேலத்தில் பிறந்து 1922-இல் மறைந்த சே.ப. நரசிம்மலு நாயுடு, 1885-இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸுக்கே போனவர். சேலத்தில் 'தேசாபிமானி' நடத்திவிட்டுக் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்து 'கலாநிதி' பத்திரிகையும் அதே பெயரில் அச்சகமும் வைத்தார். சொந்த அச்சகத்தில் ஏராளமான நூல்களையும் அச்சிட்டார். இப்படி அச்சகம் வைத்திருந்தவரைத் தேடும்போது நூலகப் பட்டியலில் ஆசிரியர் பெயரோடு நிறுத்தாமல் அச்சகத்தின் பெயரிலும் தேடுங்கள். அந்த அச்சகத்தில் வெளியான நூல்களின் தலைப்புப் பக்கங்கள், அச்சகம் எந்த ஆண்டு எந்த ஊரில் இருந்தது என்று சொல்லிவிடும்.

படி 7: பணம் போன வழி

பத்திரிகை ஏன் நின்றது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. குடும்பம் 'வெள்ளைக்காரன் மூடிட்டான்' என்று சொல்லும். பத்திரம் 'வீட்டை அடமானம் வைத்தார்' என்று சொல்லும். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

வீட்டின் சர்வே எண் தெரிந்தால் வில்லங்கச் சான்று போடுங்கள். இணையத்தில் பெரும்பாலும் 1975-ஐ ஒட்டிய காலத்திலிருந்துதான் கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் நேரில் மனுக் கொடுத்துப் பழைய அட்டவணையைத் தேடச் சொல்லவேண்டும். சர்வே எண் தெரியாவிட்டாலும் பெயர்வாரி அட்டவணை ஒன்று தனியாக உண்டு.

பலர் கேட்காமல் விடுவது நான்காம் புத்தகம். நிலம், வீடு சம்பந்தப்பட்டவை முதல் புத்தகத்தில் பதிவாகும். அச்சு மிஷின், எழுத்துகள், எழுத்து வைக்கும் கேஸ் போன்ற அசையும் பொருளை விற்றோ ஈடு வைத்தோ பதிந்த பத்திரம் நான்காம் புத்தகத்தில் இருக்கும். முதல் புத்தகத்தை யாரும் பார்க்கலாம். நான்காம் புத்தகத்தின் நகலைச் சம்பந்தப்பட்டவருக்கோ அவருடைய பிரதிநிதிக்கோதான் தருவார்கள். ஆகவே வாரிசுச் சான்று கையில் இருக்கட்டும். கிடைத்தால், மிஷினின் வகை, எத்தனை பவுண்டு எழுத்து, என்ன விலை என்று அச்சகத்தையே கண்முன் நிறுத்தும் பட்டியல் அதில் இருக்க வாய்ப்புண்டு. கூட்டாளி வைத்து நடத்தியிருந்தால் 1932 கூட்டாண்மைச் சட்டத்தின்படி பதிந்த காகிதம் இருக்கிறதா என்று மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

நகராட்சித் தீர்மானப் புத்தகத்தையும் புரட்ட முடிந்தால் புரட்டுங்கள். டெண்டர் நோட்டீஸ், வரி நோட்டீஸ், ஏல அறிவிப்பு யாருக்குக் கொடுத்தார்கள், யாருக்கு நிறுத்தினார்கள் என்பதில் ஊர் அரசியல் முழுக்கத் தெரியும். சேர்மனைத் தாக்கி எழுதிய அடுத்த மாதமே அச்சு வேலை பக்கத்து அச்சகத்துக்குப் போயிருக்கும்.

படி 8: சிறை சென்றிருந்தால்

தமிழ்நாடு அரசு 1973-இல் வெளியிட்ட விடுதலைப் போராட்ட வீரர்கள் விவரத் தொகுப்பு ஆங்கிலத்தில் மூன்று தொகுதிகளாக உள்ளது. அதில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1972-இல் தாமிரப் பட்டயம் வாங்கியிருந்தாலோ தியாகி பென்ஷனுக்கு விண்ணப்பித்திருந்தாலோ வீட்டில் சிறைச் சான்றிதழ் இருக்கும். எந்தச் சிறை, எத்தனை மாதம், எந்தப் பிரிவு என்று அதில் இருக்கும். பென்ஷன் கிடைக்காமல் போன விண்ணப்பம்கூட நல்ல ஆவணம்தான். தன் வாழ்க்கையைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரே காகிதமாக அது இருக்கலாம்.

படி 9: 1956-க்குப் பின்

சுதந்திரத்துக்குப் பிந்தைய பத்திரிகை என்றால் வேலை பாதியாகக் குறைந்துவிடும். இந்தியப் பத்திரிகைப் பதிவாளர் அலுவலகம் 1956 ஜூலையில் தொடங்கியது. அது ஆண்டுதோறும் வெளியிட்ட அறிக்கைகளில் பத்திரிகைகளின் பட்டியல் உண்டு. அதோடு 'படிவம் 4' என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பத்திரிகையும் பிப்ரவரி முடிந்ததும் வரும் முதல் இதழில் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் ஆகியோரின் பெயர், நாடு, விலாசத்தையும், ஒரு சதவீதத்துக்கு மேல் முதல் வைத்திருப்பவர்களின் பெயரையும் போடவேண்டியிருந்தது. ஆகவே நூலகத்தில் ஒரு வருஷத்துக்கு ஒரே ஒரு இதழ்தான் எடுத்துத் தருவேன் என்றால் மார்ச் இதழைக் கேளுங்கள். வருஷவாரியாக மார்ச் இதழ்களை அடுக்கினால் பங்காளி எப்போது விலகினார், மகன் எப்போது உள்ளே வந்தார், வீடு எப்போது மாறியது எல்லாம் வெளியே வந்துவிடும்.

படி 10: கடல் தாண்டியும் ஒரு பார்வை

ஏஜெண்டுகள் பட்டியலில் கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் இருந்தால் அங்கேயும் தடம் இருக்கும். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளத்தில் 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு இருக்கிறது. யாழ்ப்பாணத்து வேர் உள்ளவர்களுக்கு நூலகம் நிறுவனத்தின் மின்னூலகம் பெரிய வரம். 1841-இல் தொடங்கிய உதயதாரகை முதல் சுன்னாகத்திலிருந்து வந்த ஈழகேசரி வரை பத்திரிகை நீண்டகாலம் ஓடிய பூமி அது. புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்குப் பிரெஞ்சு நிர்வாகத்தின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் ஃபிரான்ஸின் எக்ஸ்-அன்-ப்ரோவான்ஸ் (Aix-en-Provence) நகரத்துக் காலனிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் படமாகவே உள்ளன. பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

படி 11: அடுக்குதல்

கிடைத்ததையெல்லாம் ஒரே அட்டவணையில் தேதிவாரியாகப் போடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்த ஆவணம், எங்கே பார்த்தது, கோப்பு எண் என்ன என்று எழுதுங்கள். வீட்டில் சொன்னதை வேறு நிற மையில் எழுதுங்கள். 'ஆயிரக்கணக்கில் விற்றது' என்பது வீட்டுச் சொல், '300 பிரதி' என்பது பட்டியல் சொல். எதையும் அழிக்காமல் இரண்டும் நிற்கட்டும்.

ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருப்பது மிகச் சாதாரணம். தந்தை பெயர், தெரு, அச்சகத்தின் பெயர் மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் இவர் நம்மவர் என்று ஏற்றுக்கொள்ளுங்கள். ஆவணத்தில் வரும் சாதிக் குறிப்பு, கடன், இரண்டாம் திருமணம் போன்றவற்றைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன், அதனால் சங்கடப்படக்கூடிய உறவினர் உயிரோடு இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கிடைத்த பழைய இதழை லாமினேட் செய்யவே செய்யாதீர்கள், செலோடேப்பும் ஒட்டாதீர்கள். மடிப்பைப் பிரித்து, அமிலமில்லாத தாளுக்கு நடுவில் தட்டையாக வைத்து, வெயில் படாத நாளில் ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுங்கள். ஸ்கேனரின் மூடியை அழுத்தினால் நொறுங்கிவிடும். ஓரம் உதிரத் தொடங்கியிருந்தால் வீட்டில் வைத்திருப்பதைவிட ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடத்துக்கு எழுதிக் கேட்பது நல்லது. கொடுக்கும்போது அட்டவணையின் ஒரு பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். இதழ் யாருடையது, அடிவரியில் இருப்பவர் யாருக்கு என்ன உறவு என்ற விவரம் அவர்களுடைய பட்டியலில் ஏறினால், அடுத்துத் தேடி வருகிறவருக்கு முதல் இரண்டு படிகள் மிச்சம்.